ஆச்சியின் உப்பரிகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூலை கடைசியில் உங்கள் பத்திரிகையில் எங்கள் ஆச்சியின் இரங்கல் விளம்பரம் வந்தது. கொடுத்தது என் பெரிய மாமா. படம், பெயர், வயது 88, அடக்கம் எத்தனை மணிக்கு, எந்தக் கோயிலில் என்பதெல்லாம் போட்டபின் மிச்சம் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. அந்த ஒரு வரிக்கு வீட்டில் ஒரு மணி நேரம் சண்டை. ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று போடலாம் என்றார் மாமா. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போடு என்றார் சித்தி, அது புராட்டஸ்டண்ட்காரர்கள் போடுவது, நாம் கத்தோலிக்கர், நமக்கு எதற்கு என்றார் இன்னொரு மாமா. என் அப்பா ஓரமாக உட்கார்ந்து ‘அமரர்’ என்று ஏதோ சொல்லப் பார்த்து, அம்மா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். கடைசியில் ‘இறைவனில் இளைப்பாறினார்’ என்று வந்தது. சரி, நல்ல வரிதான். ஆனால் ஆச்சி உயிரோடு இருந்து அதைப் படித்துக் காட்டச் சொல்லியிருந்தால், “இளைப்பாறதா? நானா?” என்றுதான் கேட்டிருப்பாள். விளம்பரத்தில் அடங்காத மிச்சத்தைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். நீளமாகிவிட்டது. வெட்டத்தான் வேண்டும் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆச்சி சொன்ன பிரார்த்தனை பற்றிய பகுதியை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

ஆச்சிக்கு ஊர் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். அப்பா கடல் தொழில், வாக்கப்பட்ட இடமும் கடல் தொழில். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, கையெழுத்து மட்டும் போடுவாள், அதிலும் கடைசி எழுத்து எப்போதும் கோட்டைத் தாண்டி ஓடிவிடும். ஏழு பெற்று ஐந்தை வளர்த்தாள். தாத்தா கொண்டுவரும் மீன்பாட்டை நம்பி ஐந்து பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது என்பதால் பனையோலைப் பெட்டி முடைந்தாள். எங்கள் பக்கத்துக் கரைகளில் அது பெண்களின் கைத்தொழில். குருத்தோலையைக் காயவைத்து, சாயம் ஏற்றி, நகத்தால் கீறி, சின்னக் கொட்டானிலிருந்து கல்யாணச் சீர்ப்பெட்டி வரைக்கும் முடைவார்கள். ஆச்சி முடைந்துகொண்டே ஜெபமாலை சொல்லுவாள். மாலையைக் கையில் பிடித்தால் வேலை ஓடாது, வேலையைப் பிடித்தால் மணி உருட்ட முடியாது, அதனால் ஓலையிலேயே எண்ணிக்கொள்வாள். ஐம்பத்து மூன்று மணி முடியும்போது ஒரு கொட்டானுக்கு அடிப்பாகம் முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் இன்னும் பத்துப் பன்னிரண்டு கொட்டான்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஜெபமாலை இருக்கிறது என்று என் தம்பி கேலியாகச் சொன்னான், சொன்ன பிறகு அவனாலேயே அதில் வெங்காயம் போட முடியவில்லை.

அவளுடைய பக்தியைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் இறைச்சி சாப்பிடக் கூடாது, சுத்தபோசனம். மீனுக்குத் தடை இல்லை. “வருசம் பூரா மீன் திங்கவளுக்கு ஆட்டுக்கறிய விடுறதுல என்ன ஒறுத்தல் இருக்கு?” என்று கேட்டு, ஆச்சி மீனை விட்டாள். சாம்பல் புதனிலிருந்து பாஸ்கா (ஈஸ்டர்) வரைக்கும் எல்லா வெள்ளிக்கிழமையும் கஞ்சியும் தேங்காய்த் துவையலும்தான். வலை நிறையச் சாளை வந்த நாளிலும் அதேதான். தாத்தாவுக்குக் கடுப்பு. “மீன்காரன் வீட்ல மீன் மணக்காட்டி ஊரான் என்ன நெனைப்பான்” என்பார். அவருக்கு மட்டும் தனியாகக் குழம்பு வைத்துக் கொடுப்பாள். அவள் தொட மாட்டாள்.

இன்னொன்று. நல்ல மரணம் வேண்டுமென்று மாதாவின் கணவர் சூசையப்பரிடம் தினமும் கேட்பாள், மார்ச் மாதம் அவருடைய வணக்க மாதம் என்பதால் அந்த மாதத்தில்தான் சாக வேண்டும் என்று ஆசை. ஏப்ரல் ஒன்றாம் தேதி ஆனதும் “சரி, இந்த வருசம் இல்ல” என்று பெட்டி முடையத் தொடங்கிவிடுவாள். கடைசியில் போனது ஜூலை 28, தூத்துக்குடி பனிமய மாதாவுக்குக் கொடியேறி இரண்டே நாள் ஆகியிருந்தது. மாதா சூசையப்பரிடம் கேட்காமலே கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று துஷ்டி வீட்டில் ஒரு பெரியம்மா சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். நான் ஆச்சியின் மகள் பெற்ற பிள்ளை. என் அப்பா இந்து. அம்மா அப்பா கல்யாணம் திருநெல்வேலியில் பதிவு அலுவலகத்தில் நடந்தது, ஆச்சி வரவில்லை. அதன் பிறகு நான்கு வருடம் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரங்கல் விளம்பரத்தில் ‘அன்பே உருவான’ என்று போட்டிருந்தோம். அந்த நான்கு வருடத்தில் அம்மா அழுத அழுகைக்கு அந்த வார்த்தையில் இடம் இல்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். நான் பிறந்த பிறகு ஒரு நாள் விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கி, ஒன்றுமே நடக்காதது மாதிரி, “பிள்ளைக்கு எண்ணெய் தேச்சியா?” என்று கேட்டாளாம். கையில் ஒரு சீர்ப்பெட்டி, கல்யாணத்துக்குக் கொடுக்க முடைந்தது. நான்கு வருடமாக மச்சில் இருந்திருக்கிறது. மன்னிப்பு என்று ஆச்சி யாரிடமும் கேட்டதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னாளா என்பது அவளுக்கும் கடவுளுக்கும் தெரிந்தது. அவள் சவப்பெட்டியைத் தூக்கிய நான்கு பேரில் என் அப்பாவும் ஒருவர். மாமாக்கள்தான் கூப்பிட்டார்கள்.

எனக்கு ஞானஸ்நானம் கிடையாது. அது ஆச்சிக்குப் பெரிய குறை. ஆனால் கோடை விடுமுறைக்கு அங்கே போனால் சாயந்தர செபத்துக்கு என்னைத்தான் முதலில் கூப்பிடுவாள். “ஞானஸ்நானம் இல்லாட்டி என்ன, பிரார்த்தனைக்குப் பதில் சொல்ல வாய் இருக்கில்லா. வா ஏட்டி” என்பாள். ஜெபமாலை முடிந்ததும் தேவமாதா பிரார்த்தனை. அதில் ஒருவர் மாதாவின் ஒவ்வொரு பட்டமாகச் சொல்ல, மற்றவர்கள் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல ஆள் இல்லாமல் அது நடக்காது. மாமா பிள்ளைகள் எல்லாரும் விளையாட ஓடிவிட, மிஞ்சுவது நான்தான். ஏழு வயதிலிருந்து பதினேழு வயது வரை கோடை தவறாமல் நான் சொன்ன அந்தப் பதிலை எண்ணினால் பல ஆயிரம் தேறும்.

அந்தப் பிரார்த்தனை இன்று கோயிலில் சொல்லும் தமிழில் இல்லை. ஆச்சியின் செபம் முழுக்கப் பழைய தமிழ். இப்போது ‘அருள் நிறைந்த மரியே’ என்கிறார்கள். ஆச்சி சொன்னது ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’. பிரியதத்தம் என்றால் பிரியமாகக் கொடுத்தது. அருள் என்பதும் அழகான சொல்தான், புதிய மொழிபெயர்ப்பை நான் குறை சொல்ல வரவில்லை, புரியும்படி சொல்வதுதான் முறை. ஆனாலும் பிரியமாகக் கொடுத்ததால் நிரம்பியவளே என்று கூப்பிடுவதில் வேறு ஒரு ருசி இருக்கிறது. தூய ஆவி என்பதை ‘இஸ்பிரீத்து சாந்து’ என்பாள். வாயில் வெற்றிலையோடு சொன்னால் அது ஏதோ நெல்லைச் சீமை மருந்துப் பெயர் மாதிரி இருக்கும். கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது அது அப்படியே போர்த்துக்கீசியம் என்று. சாவி, மேசை, அலமாரி மாதிரி இதுவும் கப்பலில் வந்த சொல். ஆச்சியிடம் போய்ச் சொன்னேன், “ஆச்சி, நீ தினமும் போர்த்துக்கீசியம் பேசுற.” அவள் நம்பவில்லை. “எங்க அம்மை சொல்லிக் குடுத்ததுட்டீ” என்றாள்.

அவள் சொன்னதும் உண்மைதான். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் என்ற ஐரோப்பியச் சாமியார் எங்கள் கரைக்கு வந்தபோது, அதற்குச் சில வருடம் முன்பே ஞானஸ்நானம் வாங்கியிருந்த கடற்கரை மக்களுக்கு ஒரு செபமும் தெரியவில்லை, சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்தவர்களை உட்காரவைத்து செபங்களைத் தமிழில் ஆக்கச்சொல்லி, அதைத் தானும் மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி வாயால் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவருக்குப் பின் இதே கரையில் பல வருடம் இருந்த அன்றீக் அடிகளார் அதையெல்லாம் சீராக்கி, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்று பதினாறு பக்கத்தில் அச்சிட்டார். இந்தியாவில் இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புத்தகம். ஒரு செபப்புத்தகம்தான், அதுவும் எங்கள் கரை மக்களுக்காக. இதை வாசித்த அன்று ஆச்சியை நினைத்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. எழுதப்படிக்கத் தெரியாத ஒருத்தியின் காதில், மணியோசை கேட்டு ஓடிவந்த ஏதோ ஒரு பிள்ளையிடமிருந்து தொடங்கி, தாயும் மகளுமாகக் கைமாறி, கொஞ்சம் திரிந்தும் கொஞ்சம் திருத்தப்பட்டும் அந்தச் செபங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.

பெயர்களும் அப்படித்தான். புதிய பைபிளில், அதாவது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில், பேதுரு, பவுல், யோவான் என்று வருகிறது. கோயிலில் வாசகத்தைக் கேட்டுவிட்டு வந்து ஆச்சி கேட்டாள், “யாருட்டீ அது பேதுரு?” நான் விளக்கினேன். “அட, நம்ம இராயப்பர்! அத ஒழுங்காச் சொன்னா என்ன” என்றாள். பவுல் அவளுக்குச் சின்னப்பர், யோவான் அருளப்பர், அந்திரேயா பெலவேந்திரர். வீரமாமுனிவர் சூசையப்பரை ‘வளன்’ ஆக்கி 3,615 பாட்டில் காவியமே பாடியிருக்கிறார். அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் ஆச்சிக்கு அதுவும் யாரோதான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் பக்கத்து மாவட்டத்து மீனவர்கள் கடலில் மாட்டிக்கொண்டபோது எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஆச்சி மட்டும் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டாள். “இன்னைக்கு பெலவேந்திரர் திருநாள். அவரும் வலைக்காரர்தான். அவருக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னாள். அன்றிரவு எத்தனை ஜெபமாலை சொன்னாள் என்று தெரியாது. காலையில் பார்த்தால் பெட்டி ஒன்றும் முடையவில்லை, ஓலை அப்படியே கிடந்தது. வேலை இல்லாமல் அவள் செபம் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு இரவுதான்.

பூசை லத்தீனில் இருந்த காலத்தையும் அவள் பார்த்தவள். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் செபங்களைச் சொல்வார், இவர்கள் பின்னால் அவரவர் ஜெபமாலையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆயர்கள் ரோமில் கூடி முடிவெடுத்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அறுபதுகளில் பூசை தமிழுக்கு வந்தது, சாமியாரும் மக்களைப் பார்த்துத் திரும்பினார். அதைப் பற்றிப் பெரிய பெரிய இறையியல் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். ஆச்சியின் கருத்து: “அன்னைக்குத்தான் நம்ம சாமியாருக்கு மூக்கு அவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சது.”

இப்போது அந்தப் பிரார்த்தனைக்கு வருகிறேன். அதில் மாதாவின் பட்டங்களில் ‘தாவீது இராஜாவின் உப்பரிகையே’ என்று ஒன்று வரும். அடுத்து ‘தந்தமயமான உப்பரிகையே’. கோபுரம் என்று இப்போது சொல்கிறார்கள். எட்டு வயதில் நான் கேட்டேன், உப்பரிகைன்னா என்ன ஆச்சி? “மாடி. மாதா மாடில நிக்காங்க.” எதுக்கு நிக்காங்க? ஓலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள், “கடலுக்குப் போனவங்க வாராங்களான்னு பாக்கதுக்கு.”

அந்த பதிலுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு என்று அம்மா சொல்லித்தான் பிறகு தெரிந்தது. என் அம்மா பிறக்கும் முன்னால், ஐப்பசியில் கொண்டல் காற்று திடீரென்று ஏறிய ஒரு நாள், கடலுக்குப் போன வள்ளங்களில் இரண்டு கரைக்கு வரவில்லை. ஒன்றில் தாத்தா. இரண்டு இரவு. ஊர்ப் பெண்கள் எல்லாரும் மணலில் உட்கார்ந்து இதே பிரார்த்தனையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆச்சி உட்காரவில்லையாம், ஒரு மணல் மேட்டில் ஏறி நின்றே சொன்னாளாம். மூன்றாம் நாள் தாத்தாவின் வள்ளம் வந்துவிட்டது. மற்றது வரவில்லை, அதில் இரண்டு பேர்.

ஊரில் இதைப் புதுமை, அதாவது அற்புதம், என்றார்கள். மாதாவின் புதுமை. கோயிலில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது ஆச்சி போக மறுத்துவிட்டாள். நான் பெரியவளான பிறகு ஒரு தடவை நேராகவே கேட்டேன், ஏன் போகவில்லை என்று. “அந்த ரெண்டு வீட்டுப் பொம்பளைகளும் என் பக்கத்துலதான் இருந்தாங்க. நான் சொன்ன அதே பிரார்த்தனையத்தான் சொன்னாங்க. என்னைவிடச் சத்தமாச் சொன்னாங்க. நான் எந்திச்சு நின்னு மாதா எனக்குக் குடுத்தான்னு சொன்னா, அவளுகளுக்கு மாதா என்ன குடுத்தா?” பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “தாத்தா வந்தாரு. அதுக்கு நன்றி சொன்னேன். அவ்வளவுதான்” என்றாள். பக்தி என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் நினைவுக்கு வருவது இந்தப் பேச்சுதான். அந்த இரண்டு வீடுகளுக்கும் தாத்தாவின் மீன்பாட்டில் ஒரு பங்கு பல வருடம் போனது என்பதையும் அம்மாதான் சொன்னாள். ஆச்சி சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் எல்லாரும் இருந்தோம். இரவு சாப்பாட்டுக்கு முன்னால், ஆச்சி சொல்லும் பிரார்த்தனையை அவளுக்காக ஒரு தடவை சொல்லுவோம் என்றார் பெரிய மாமா. புத்தகம் தேடினால் கையில் இருப்பது புதியது. பழைய புத்தகம் வீட்டில் இல்லை, ஏன் இருக்கப் போகிறது, அவள்தான் படிக்க மாட்டாளே. சரி, தெரிந்ததைச் சொல்லுவோம் என்று தொடங்கினார். முதல் பத்துப் பதினைந்து பட்டம் எல்லாருக்கும் வந்தது. பிறகு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். மாமா நின்றார், சித்தி நின்றார், அம்மா கொஞ்ச தூரம் போய் அழ ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் நான் மட்டும். பதில் மட்டுமே சொல்லிப் பழகிய எனக்கு, பதிலுக்கு முன்னால் வந்தது காதில் தங்கியிருந்திருக்கிறது. ‘தேவ இரகசிய ரோஜா புஷ்பமே’, ‘தாவீது இராஜாவின் உப்பரிகையே’, ‘தந்தமயமான உப்பரிகையே’, ‘சொர்ணமயமான ஆலயமே’. அதோடு எனக்கும் நின்றுவிட்டது. ஞானஸ்நானம் வாங்கிய பத்து இருபது பேர், வாங்காத ஒருத்தி, எல்லாருமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். அடுத்து என்ன? யாருக்கும் தெரியவில்லை.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல், “வாக்குத்தத்தத்தின் பெட்டகமே.” பக்கத்து வீட்டு ஆச்சி. வாசல்படியில் உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியாது. அவர் தொடர்ந்து, “பரலோகத்தினுடைய வாசலே, விடியற்காலத்தின் நட்சத்திரமே” என்று கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார். அவருக்குத் தொண்ணூற்றொன்று. ஊரில் இதை முழுக்கத் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான் என்கிறார்கள்.

எங்கள் வீட்டு ஃபோன்களில் ஆச்சியின் படம் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். பெட்டி முடையும் ஆச்சி, கேக் வெட்டும் ஆச்சி, கூலிங்கிளாஸ் போட்ட ஆச்சி. அவள் செபம் சொல்லும் குரல் ஒரு நிமிடம்கூட இல்லை. தினமும் நடக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விட்டது. பழைய செபங்கள் புத்தகத்தில் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அச்சில் இருப்பது ஒன்று, ஆச்சிகள் வாயில் இருப்பது ஒன்று. எந்த இடத்தில் மூச்சு விடுவார்கள், எந்தச் சொல்லை இழுப்பார்கள், எந்த ராகம் எந்த ஊருக்கு என்பதெல்லாம் புத்தகத்தில் வராது.

இது அக்டோபர், ஜெபமாலை மாதம். எங்கள் பக்கத்திலும், வேம்பாற்றிலிருந்து கன்னியாகுமரி வரை எந்தக் கரையிலும், உள்நாட்டு ஊர்களிலும், சாயந்தரம் ஏதாவது ஒரு திண்ணையில் ஒரு வயதான அம்மா பழைய தமிழில் செபம் சொல்லிக்கொண்டிருப்பார். உங்கள் வாசகர்களில் அப்படி ஒரு ஆச்சியோ, அப்பாச்சியோ, அம்மாச்சியோ வீட்டில் இருப்பவர்கள் இந்த மாதமே ஃபோனைப் பக்கத்தில் வைத்து அதைப் பதிவு செய்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதினேன். கத்தோலிக்கர் என்றில்லை. திருநெல்வேலியில் என் அப்பாவைப் பெற்ற ஆச்சி பாடும் அம்மன் கும்மி ஒன்றும் யாரிடமும் பதிவு இல்லை, அடுத்த வாரம் அங்கே போகிறேன்.

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போன ஞாயிறு ஃபோனோடு போய் உட்கார்ந்தேன். சொல்லுங்க ஆச்சி என்றேன். இரண்டு பட்டம் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். என்ன ஆச்சி, மறந்துட்டா என்றேன். “மறக்கல. பதில் சொல்லாம நீ பாட்டுக்கு உக்காந்திருந்தா எனக்கு எப்படிட்டீ வரும்?” என்றார். அதனால் அந்தப் பதிவு முழுக்க என் குரலும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி.